பெண்பிள்ளையின் வயிற்றுவலி: ஸ்கேனுக்கு முன் கேட்க வேண்டியவை

விருத்தாசலத்தில் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்ணுக்குத் திடீரென்று வயிறு வலித்தால், அவள் நேராக மருத்துவரிடம் போய்விடுவதில்லை. வகுப்பாசிரியை முதலில் "பீரியட்ஸா?" என்று தணிந்த குரலில் கேட்பார். வீட்டில் அம்மா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுப்பார். பாட்டி இருந்தால் "சூடு பிடிச்சிருக்கு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுவார். வாந்தியும் சேர்ந்துகொண்டால் தொக்கம் எடுப்பவரைத் தேடுவார்கள். குடலேற்றம் என்று சொல்லி வயிற்றை நீவிவிடுவோரும் உண்டு. அப்புறம் மெடிக்கலில் வாங்கிய மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் ஒரு கிளினிக்கில் ஊசி. அரசு மருத்துவமனைக்கு வந்து சேரும்போது பல நேரம் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்திருக்கும்.

பீங்கான் சூளைகளுக்குப் பெயர்போன இந்த ஊரின் தனிக்குறை அல்ல இது. தமிழ்நாட்டின் எந்தச் சிறுநகரத்திலும் இதே வழிதான். ஓமத் தண்ணீரால் கெடுதல் இல்லை. குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வீங்கியிருக்கும் வயிற்றை அழுத்தி நீவுவதிலும், 'வயிற்றைச் சுத்தம் செய்ய' பேதிமருந்து கொடுப்பதிலும்தான் ஆபத்து இருக்கிறது. வீங்கிய குடல்வால் வெடிக்க அதுவே காரணமாகிவிடலாம்.

வயிற்றுவலி இந்தக் கடலூர் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. தமிழ் இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற வயிற்றுவலி இங்கேதான் நடந்தது. திருநாவுக்கரசரைச் சூலை நோய் முறுக்கிப் போட்டதும், அவர் தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்ததும், அங்கே வலி தீர்ந்ததும் பெரியபுராணம் சொல்லும் கதை. ஒரு ஆணின் வயிற்றுவலி காவியத்தில் ஏறியிருக்கிறது. பெண்பிள்ளைகளின் வயிற்றுவலி "அந்த வலிதான், சரியாகிடும்" என்ற ஒரு வாக்கியத்தோடு வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பத்தில் பல முறை அந்த வாக்கியம் சரியாகவும் இருக்கும். சிக்கல் மீதிச் சில முறைகளில்தான்.

மருத்துவமும் நெடுங்காலம் பையன்களை வைத்தே பாடம் படித்தது. 1735-இல் லண்டனில் கிளாடியஸ் அமியாண்ட் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாக ஒரு குடல்வாலை வெட்டி எடுத்தார். அந்த நோயாளி 11 வயதுச் சிறுவன். 1886-இல் அமெரிக்காவின் ரெஜினால்ட் ஃபிட்ஸ் குடல்வால் அழற்சிக்குப் பெயர் வைத்தார். 1889-இல் சார்லஸ் மெக்பர்னி வலது அடிவயிற்றில் எந்தப் புள்ளியில் அழுத்தினால் வலிக்கும் என்று குறித்துக் கொடுத்தார். ஒரு பையனின் வயிற்றில் அந்த இடத்தில் வலித்தால் முதல் சந்தேகம் குடல்வால்மீதுதான். பெண்ணுக்கு அதே இடத்தில் குடல்வாலோடு சூலகமும் கருக்குழாயும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை சூலகத்திலிருந்து முட்டை வெளிவருவதே சிலருக்குச் சுருக்கென்று வலிக்கும். கட்டி, கட்டிக்குள் ரத்தக்கசிவு, சூலகம் முறுக்கிக்கொள்வது, கருக்குழாயில் கரு தங்கிவிடுவது என்று எல்லாமே ஏறக்குறைய அதே இடத்தில் வலியாக வெளிப்படும். ஸ்கேன் பரவலாவதற்கு முன் இளம்பெண்களிடம் அகற்றப்பட்ட குடல்வால்களில் ஐந்தில் ஒன்றுக்குக் குறையாமல் நோயற்றவையாக இருந்ததைப் பழைய ஆய்வுகள் பலவும் காட்டின.

இதை மதிப்பெண் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று 1986-இல் பிலடெல்ஃபியாவில் ஆல்ஃபிரெடோ அல்வராடோ ஓர் அட்டவணை தந்தார். வலி தொப்புளிலிருந்து வலப்பக்கம் இறங்கியதா, பசி போனதா, குமட்டல், காய்ச்சல், அழுத்தி விடும்போது வலி, வெள்ளையணு எண்ணிக்கை என்று மொத்தம் 10 மதிப்பெண். இன்றும் பயிற்சி மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணுவது இதைத்தான். 2002-இல் குழந்தைகளுக்கென்று சாமுவேல் வகுத்த அட்டவணையில் இருமும்போதோ ஒற்றைக்காலில் குதிக்கும்போதோ வலிக்கிறதா என்ற கேள்வியும் சேர்ந்தது. ஆனால் அல்வராடோ அட்டவணையைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆண்களிடம் ஓரளவு சரியாகக் கணிக்கும் அது பெண்களிடம் குடல்வால் நோய் இருப்பதாக மிகையாகச் சொல்வது 2011-இல் தெரியவந்தது. காரணம் எளிது. சூலக முறுக்கிலும் வாந்தி வரும், பசி போகும், வலப்பக்கம் வலிக்கும், வெள்ளையணுவும் ஏறும். மதிப்பெண் எட்டு வந்துவிடும். நோய் வேறாக இருக்கும்.

இங்கே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டி டோம்பல் என்ற அறுவை மருத்துவர் வயிற்றுவலியோடு வந்த 304 நோயாளிகளின் விவரங்களைக் கணினிக்கு ஊட்டி, 1972-இல் முடிவை வெளியிட்டார். கணினி 91.8 சதவீதம் சரியாகச் சொன்னது. மூத்த மருத்துவர் 79.6 சதவீதம். கணினி மருத்துவரை வென்றது என்று பேச்சாயிற்று. பிறகு 8 மருத்துவமனைகளில், 16,737 நோயாளிகளிடம் இதே முறையைப் பரிசோதித்து 1986-இல் எழுதினார்கள். முதல் நோயறிதல் சரியாக அமைவது 45.6 சதவீதத்திலிருந்து 65.3 சதவீதமாக உயர்ந்தது. குடல்வால் வெடித்த நிலையில் கண்டறியப்படுவது 23.7-இலிருந்து 11.5 சதவீதமாகக் குறைந்தது. இதில் பெரும்பங்கு கணினியினுடையது அல்ல என்பதுதான் பின்னால் வந்த விவாதம். கணினிக்குத் தகவல் கொடுக்க வேண்டுமென்பதற்காக ஒவ்வொரு இளம் மருத்துவரும் ஒரு படிவத்தை எடுத்து, ஒரு கேள்வி விடாமல் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் காகிதம்தான் பாதி வேலையைச் செய்தது.

விருத்தாசலத்துக்கு இந்தச் செய்தி மிகவும் பொருந்தும். நள்ளிரவில் ஸ்கேன் எடுக்க ஆள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கேள்வி கேட்க ஒரு மருத்துவர் எப்போதும் இருப்பார்.

கேள்விகளில் முதலாவது வரிசை. முதலில் வலி வந்ததா, வாந்தி வந்ததா? குடல்வால் அழற்சியில் வலிதான் முந்தும். தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். அதற்குள் சாப்பாடு வேண்டாமென்றாகிவிடும். வாந்தியும் பேதியும் முந்திக்கொண்டு, வலி பின்னால் வந்தால் கெட்டுப்போன சாப்பாட்டைச் சந்தேகிக்கலாம். ஆனால் குடல்வால் இடுப்புக்குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தால் அதுவே மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் உரசி, பேதியையும் நீர்க்கடுப்பையும் உண்டாக்கும். "பேதியாகுது, அதனால் அப்பெண்டிக்ஸ் இல்லை" என்று அனுப்பப்பட்ட பிள்ளைகள் இரண்டு நாளில் வயிறு கல்லாகித் திரும்பி வருவது இதனால்தான்.

இன்னொரு கேள்வி: வரும் வழியில் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது வலி கூடியதா? வேடிக்கையாகத் தோன்றும். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 101 நோயாளிகளிடம் இதையே கேட்டு 2012-இல் கட்டுரை எழுதினார்கள். குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர் வேகத்தடையில் வலி கூடியது என்றார்கள். நோய் இல்லாத பலரும் அப்படிச் சொன்னார்கள் என்பதால், கூடியது என்ற பதிலை வைத்து முடிவுக்கு வர முடியாது. கூடவில்லை என்ற பதிலுக்குத்தான் மதிப்பு அதிகம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நம் சாலைகளில் இந்தப் பரிசோதனைக்கு வாய்ப்புக் குறைவில்லை.

வலிக்கு ஊசி போட்டால் நோயின் அடையாளங்கள் மறைந்துவிடும் என்ற பழைய நம்பிக்கை இன்னும் சில வார்டுகளில் உயிரோடு இருக்கிறது. ஸக்கரி கோப் 1921-இல் எழுதி, தலைமுறை தலைமுறையாக அறுவை மருத்துவர்கள் படித்த வயிற்று நோய் நூலின் வழியே வந்தது அது. பின்னாளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வலி குறைப்பதால் நோயறிதல் பிழை கூடவில்லை என்று தெரிந்தது. வலியில் சுருண்டு கிடக்கும் பெண்ணிடம் பதிலும் வராது, வயிற்றைத் தொடவும் முடியாது. வலியைத் தணித்த பிறகு இரண்டு மணி நேரம் கழித்து அதே மருத்துவர் மறுபடி தொட்டுப் பார்ப்பது, அவசரமாக எடுக்கும் பல பரிசோதனைகளைவிட அதிகம் சொல்லும்.

சூலக முறுக்கைப் பற்றி நம் ஊடகங்கள் அதிகம் எழுதியதில்லை. இந்தக் கட்டுரையில் அதற்குக் கூடுதல் இடம் வேண்டும். சூலகம் தன் தண்டிலேயே சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டம் நெரிபடுவது அது. பெரும்பாலும் கட்டி இருக்கும் சூலகத்தில் நிகழும். வளரிளம் பெண்களிடம் கட்டியே இல்லாத சூலகமும் முறுக்கிக்கொள்வதுண்டு. வலப்பக்கம்தான் அதிகம். நொடியில் தொடங்கும் கூர்மையான வலி, கூடவே வாந்தி, சில நேரம் வலி விட்டுவிட்டு வரும். விளையாட்டு மைதானத்தில், ஓடும்போது, குதிக்கும்போது தொடங்கியதாகப் பலர் சொல்வார்கள். ஸ்கேனில் சூலகம் வீங்கித் தெரியும். டாப்ளரில் ரத்தம் ஓடுவது தெரிந்தால் முறுக்கு இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சூலகத்துக்கு இரண்டு வழியாக ரத்தம் வருவதால் முறுக்கிய சூலகத்திலும் ஓட்டம் தெரியக்கூடும்.

முன்பெல்லாம் வயிற்றைத் திறந்து பார்த்துச் சூலகம் கறுத்திருந்தால் வெட்டி எடுத்துவிடுவார்கள். இப்போது அந்த வழக்கம் தவறென்று ஆகிவிட்டது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2019-இல் தெளிவாகவே சொன்னது: நிறத்தைப் பார்த்து அகற்ற வேண்டாம், முறுக்கைப் பிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். கறுத்துப்போன சூலகங்களில் பெரும்பாலானவை மறுபடி வேலை செய்கின்றன. ஆனால் மணிக்கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து கடலூருக்கோ சிதம்பரம் மருத்துவக் கல்லூரிக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ அனுப்புவதானால், முதல் சந்தேகத்திலேயே அனுப்ப வேண்டும். 'காலையில் ஸ்கேன் பார்த்துவிட்டு' என்ற முடிவு ஒரு சூலகத்தின் விலையாகலாம்.

இனி மாதவிடாய். வயதுக்கு வந்து சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கழித்து, முட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கும்போதுதான் மாதவலியும் பெரும்பாலும் தொடங்கும். கருப்பையில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் இதற்குக் காரணம். மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் அதைக் குறைத்தே வலியைத் தணிக்கின்றன. மெடிக்கலில் பெயர் சொல்லி வாங்கப்படும் அந்த மருந்தால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-இன் இறுதியில் எச்சரித்தது. பயந்து நிறுத்த வேண்டிய மருந்தல்ல. உடலில் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் கவனிக்க வேண்டிய மருந்து. மாத்திரைக்கும் அடங்காமல் மாதாமாதம் பள்ளிக்கு விடுப்பு எடுக்க வைக்கும் வலியை "எல்லாருக்கும் வர்றதுதான்" என்று தள்ளுவது தவறு. கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இந்த வயதிலேயே தொடங்கலாம்.

அதைவிட எளிதாகத் தவறவிடப்படுவது ஒன்று உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயது, உடல் வளர்ந்திருக்கிறது, இன்னும் வயதுக்கு வரவில்லை என்று வீட்டில் காத்திருக்கிறார்கள். ஆனால் மாதம் ஒருமுறை இரண்டு மூன்று நாள் அடிவயிறு வலிக்கிறது. ஒரு நாள் சிறுநீரே வராமல் அடைத்துக்கொள்கிறது. கன்னித்திரை துளையின்றி மூடியிருக்க, மாதாமாதம் ரத்தம் உள்ளேயே தேங்கியிருப்பதுதான் காரணம். சின்னக் கீறலில் தீர்ந்துவிடும் பிரச்சினை. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் கூடத் தேவையில்லை, "வலி மாசத்துக்கு ஒருதடவை வருதா?" என்று கேட்டு, வெளியிலிருந்து ஒருமுறை பார்த்தால் போதும். கேட்கக் கூச்சம், பார்க்கக் கூச்சம். அதனால் நீர்க்கடுப்புக்கும் மலச்சிக்கலுக்கும் மருந்து வாங்கியே மாதங்கள் போகின்றன.

கூச்சத்தின் அடுத்த படி பயம். 18 வயதுக்குட்பட்ட பெண்ணிடம் கர்ப்பம் பற்றிக் கேட்பது குடும்பத்தை அவமதிப்பதாக நம் ஊரில் எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் நடந்திருக்கிறது. வன்முறைக்கு ஆளாகி வாய் திறக்காதவர்களும் இருக்கிறார்கள். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் உள்ளே ரத்தம் கொட்டும். மயக்கமும் தோள்பட்டை வலியும் அதன் அடையாளங்கள். அம்மா பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண்ணும் இதற்கு உண்மையான பதில் சொல்லப்போவதில்லை.

ஆகவே பெண் செவிலியர் ஒருவர் உடனிருக்க, அந்தப் பெண்ணிடம் சில நிமிடம் தனியாகப் பேசுவதைப் பரிசோதனையின் ஒரு பகுதியாகவே வைக்க வேண்டும். சந்தேகப்பட்ட பெண்ணிடம் மட்டும் என்றில்லாமல், வயிற்றுவலியோடு வரும் எல்லா வளரிளம் பெண்களிடமும். அப்படிச் செய்தால் யாருக்கும் அவமானம் இல்லை. கர்ப்பப் பரிசோதனையும் அப்படியே. துணை சுகாதார நிலையங்களுக்கு இலவசமாக வழங்கப்படும் 'நிஷ்சய்' அட்டையிலேயே சில நிமிடத்தில் விடை தெரியும்.

18 வயதுக்குட்பட்ட பெண் கர்ப்பமாக இருப்பது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; தெரிவிக்காவிட்டால் தண்டனை உண்டு. இந்தப் பயத்தாலேயே மருத்துவமனையைத் தவிர்த்து மெடிக்கலில் கருக்கலைப்பு மாத்திரை வாங்குவோர் இருக்கிறார்கள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு மருத்துவமனைச் சுவர்களில் எழுதி ஒட்டப்பட வேண்டிய ஒன்று.

தனியாகப் பேசும்போது வேறொன்றும் வெளிவரலாம். வேலூர் கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை 10-19 வயதினரின் மரணங்களை ஆராய்ந்து 2004-இல் 'லான்செட்' இதழில் வெளியான கட்டுரை, இளம்பெண்களிடையே தற்கொலை ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 என்றும், ஆண்பிள்ளைகளிடையே 58 என்றும் சொன்னது. நஞ்சு உண்டதை மறைத்து, வாந்தியும் வயிற்றுவலியும் என்று மட்டும் சொல்லி வரும் பெண்கள் உண்டு. எலிமருந்துப் பசையில் முதல் நாள் வலி அடங்கி, நலமாகிவிட்டதுபோல் தோன்றி, அடுத்த சில நாளில் கல்லீரல் செயலிழக்கும். வலி நின்றதென்று வீட்டுக்கு அனுப்புவது இங்கே உயிரிழப்பில் முடியும். மனம் சோர்ந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் 104, 14416 என்ற எண்கள் இரவும் பகலும் திறந்திருக்கின்றன.

மனமும் வயிறும் சேர்ந்த இன்னொரு கதை 2020 ஜனவரியில் கோவையில் செய்தியானது. பல மாதங்களாக வயிறு வலித்த 13 வயதுச் சிறுமியின் இரைப்பையிலிருந்து சுமார் அரைக் கிலோ தலைமுடியையும் ஷாம்பு பாக்கெட்டுகளையும் தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை செய்து எடுத்தார்கள். துக்கத்தில் முடியைத் தின்னும் பழக்கம் வந்த பிள்ளை அவள்.

வயிற்றுக்கு வெளியே இருந்து வரும் வயிற்றுவலிகளை விரைவாகவே சொல்லிவிடலாம். முதல்வகைச் சர்க்கரை நோய் பலருக்கு முதன்முதலாகத் தெரியவருவதே தாகம், எடைக்குறைவு, மூச்சிரைப்பு இவற்றோடு வரும் வயிற்றுவலியாகத்தான். விரல்நுனி ரத்தச் சொட்டு ஒன்றில் அதைக் காணலாம். நுரையீரலின் அடிப்பகுதி நிமோனியா வயிற்றில் வலிக்கும். டெங்குவில் கடும் வயிற்றுவலி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் குறித்த அபாய அறிகுறிகளில் ஒன்று. டைபாய்டும் குடல் காசநோயும் நம் நாட்டில் குடல்வாலின் வேடம் போடும். கணையத்தில் கல் தோன்றும் வெப்பமண்டல நோய் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மதுவே தொடாத இளையோருக்கு வருகிறது. குடற்புழுவுக்காக 2015 முதல் பிப்ரவரி 10 அன்று பள்ளிகளில் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். அதற்குப் பின்னும் உருண்டைப்புழு தொல்லை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரு பொறி உண்டு. கழிப்பறைக்குப் போகப் பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பள்ளிப் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று சகஜம். சீழ் அணுக்கள் தெரிந்தால் அதற்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சிறுநீர்க்குழாயை ஒட்டி வீங்கிய குடல்வாலும் அதே சீழ் அணுக்களைக் காட்டும். அதே ஒரு குப்பிச் சிறுநீரில் சர்க்கரை, கீட்டோன், கர்ப்பம் மூன்றையும் பார்த்துவிடலாம். செலவு கம்மி, பயன் அதிகம்.

விருத்தாசலத்தில் கூடுதலாக ஒரு கேள்வி: "வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள்?" நோயாளியிடம் தொழிலைக் கேளுங்கள் என்று 1700-இல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமாஸ்ஸினி, மண்பாண்டத்துக்கு மெருகூட்ட ஈயம் அரைத்தவர்களின் நோய்களையும் பதிவு செய்தார். ஈயம் உடலில் ஏறினால் குடலைப் பிசையும் வலி வரும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பரவிய அத்தகைய வலிக்கு ஆப்பிள் மதுவில் கலந்த ஈயமே காரணம் என்று 1767-இல் ஜார்ஜ் பேக்கர் காட்டினார். பியூஸ் கேரியரும் பொம்மையும் அகல்விளக்கும் செய்யும் இந்த ஊர்ச் சூளைகளின்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. மெருகுப்பூச்சு, பழைய பெயின்ட், பற்பம் செந்தூரம் என்று ஈயம் வர வழிகள் பல. காரணம் தெரியாத வலி திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்வது பீங்கான் ஊர் மருத்துவருக்கு நினைவில் இருக்க வேண்டும்.

ஸ்கேனுக்கு வருவோம். வளரும் பெண்ணுக்குக் கதிர்வீச்சு உள்ள சி.டி.யைவிட அல்ட்ராசவுண்ட்தான் முதல் தேர்வு. வெளிநாடுகளில் அவசரப் பிரிவு மருத்துவரே கையடக்கக் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்துவிடுகிறார். இந்தியாவில் பெண் கருக்கொலையைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால், பதிவு செய்த இடத்தில், தகுதி பெற்றவர் மட்டுமே கருவியைத் தொட முடியும். பெண்பிள்ளைகளைக் காக்க வந்த அந்தச் சட்டம் தேவையானதுதான். ஆனால் நள்ளிரவில் வலியோடு வரும் பெண்ணுக்கு ஸ்கேன் தாமதமாவது அதன் ஒரு விளைவு. பகலில் எடுத்த ஸ்கேனில் குடல்வால் கண்ணுக்குப் படவில்லை என்றாலும் 'நார்மல்' என்று பொருளில்லை. தெரியவில்லை என்றுதான் பொருள்.

எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்து வலி மட்டும் தொடர்ந்தால், நடிப்பு என்று முடிவுகட்டுவது அடுத்த அநீதி. குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-இல் எழுதியதில், 10.8 சதவீதம் பேருக்குத் திரும்பத் திரும்ப வயிறு வலித்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பெரும்பாலோரிடம் உறுப்பில் நோய் இல்லை. வலி இருந்தது. தொப்புளிலிருந்து வலி எவ்வளவு விலகி இருக்கிறதோ அவ்வளவு கவனமாகத் தேடுங்கள் என்பது அவர் பெயரால் வழங்கும் விதி. தேர்வு வாரத்தில் வரும் வலிக்கும் மருத்துவர் ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாத வலி, நடக்க முடியாமல் குனிய வைக்கும் வலி, பச்சை வாந்தி, மயக்கம், தொட்டாலே இறுகும் வயிறு: இவற்றில் ஒன்று இருந்தாலும் நீவிவிடாமல், பேதிமருந்து கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். கடைசி மாதவிடாய் தேதியையும், வலி தொடங்கிய மணியையும், கொடுத்த மாத்திரையின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் உங்கள் மகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால், கோபப்படாமல் கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள்.